பகடை வரைந்த பெரணி இலை: ஒழுங்கின்மைக்குள் ஒழுங்கு என்பதன் பொருள்

ஓவியக் கண்காட்சிகளின் அறிமுகக் குறிப்புகளிலும் ஒளிப்படத் தொகுப்புகளின் முன்னுரைகளிலும் அடிக்கடி கண்ணில் படும் ஒரு தொடர் உண்டு: "இயற்கையின் ஒழுங்கின்மைக்குள் ஒளிந்திருக்கும் ஒழுங்கு". அலை, மேகம், மரக்கிளை, வறண்ட ஏரியின் வெடிப்பு என எதை வரைந்திருந்தாலும் இத்தொடரை அதன் கீழே எழுதிவிட முடிகிறது. கேட்பதற்கு இனிமையாக இருப்பதாலேயே இதன் பொருள் என்ன என்று நின்று கேட்பவர்கள் குறைவு. சிலர் இதை ஓர் ஆன்மிக அனுபவமாக எடுத்துக்கொள்கிறார்கள். வேறு சிலர் பட்டாம்பூச்சி சிறகடித்தால் எங்கோ புயல் வரும் என்ற பாதிச் செய்தியோடு இதைச் சேர்த்துப் பேசுகிறார்கள்.

இத்தொடர் எனக்கு மிகவும் பிடித்தமானது என்பதால்தான் அது இப்படித் தேய்வது வருத்தமளிக்கிறது. ஒரு தாளும் பென்சிலும் பகடையும் இருந்தால் வீட்டிலேயே செய்து பார்த்துவிடக்கூடிய, எண்ணால் அளந்தும் காட்டக்கூடிய ஓர் உண்மை இதற்குள் இருக்கிறது. அந்த உண்மையை, கணிதப் பயிற்சி எதுவும் இல்லாத ஒருவர் பின்தொடரக்கூடிய அளவில், இக்கட்டுரை விளக்க முயல்கிறது.

முதலில் இரண்டு சொற்களைப் பிரித்துக்கொள்வோம்

அன்றாடப் பேச்சில் தாறுமாறு, குழப்பம், சிதறல், ஒழுங்கின்மை ஆகிய எல்லாம் ஏறத்தாழ ஒரே பொருளைத் தருகின்றன. நமக்கு இங்கே இரண்டு வெவ்வேறு கருத்துகள் தேவைப்படுகின்றன.

முதலாவது தற்செயல். பகடையை உருட்டினால் விழும் எண்ணுக்கும் அதற்கு முன் விழுந்த எண்ணுக்கும் தொடர்பில்லை. ஐந்து முறை தொடர்ந்து ஆறு விழுந்திருந்தாலும் அடுத்த வீச்சு அதை நினைவில் வைத்துக்கொள்வதில்லை. இப்படி, முந்தைய நிலையிலிருந்து பிந்தைய நிலையை வருவிக்க எந்த விதியும் இல்லாததைத் தற்செயல் என்போம்.

இரண்டாவது கேயாஸ். இதைப் புரிந்துகொள்ளப் பரோட்டா மாவை நினைத்துக்கொள்ளலாம். பிசைந்த மாவில் இரண்டு எள்ளை ஒன்றுக்கொன்று 1 மில்லிமீட்டர் தள்ளிப் பதித்துவிடுங்கள். மாவை இரண்டு மடங்கு நீளத்துக்கு இழுத்து, பாதியாக மடித்து, மீண்டும் இழுத்து மடித்துக்கொண்டே போவதாக வைத்துக்கொள்வோம். ஒவ்வோர் இழுப்பிலும் எள்ளுகளுக்கு இடையே உள்ள தூரம் இரட்டிக்கிறது. ஐந்து இழுப்புகளில் 1 மில்லிமீட்டர் 32 மில்லிமீட்டராகிறது. எட்டு இழுப்புகளில் 256 மில்லிமீட்டராக வேண்டும். ஆனால் மாவே அவ்வளவு நீளம் இருக்காது. அதற்குள் ஏதோ ஒரு மடிப்பு அவற்றைத் தனித்தனி அடுக்குகளுக்குக் கொண்டு போயிருக்கும். தொடக்கத்தில் ஒட்டிக்கொண்டிருந்த இரண்டு எள்ளும் இப்போது எங்கெங்கே இருக்கின்றன என்று சொல்ல, அவற்றின் முதல் இடத்தை மயிரிழை பிசகாமல் அறிந்திருக்க வேண்டும்.

இங்கே தற்செயல் எதுவும் நுழையவில்லை என்பதைக் கவனியுங்கள். இழு, மடி என்ற இரண்டே கட்டளைகள், இரண்டும் திட்டமானவை. அப்படியிருந்தும் விளைவை முன்கூட்டிச் சொல்ல முடியவில்லை. திட்டமான விதிப்படி இயங்கியும், தொடக்கத்தில் உள்ள மிகச் சிறு வேறுபாடு விரைந்து பெருகுவதால் நெடுந்தொலைவுக்கு முன்கணிக்க இயலாமல் போகும் இயக்கத்தையே கேயாஸ் என்கிறோம். டியன்-யென் லி, ஜேம்ஸ் யார்க் ஆகிய இருவரும் 1975-இல் வெளியிட்ட ஒரு கட்டுரைக்குப் பிறகு இச்சொல் கணிதத்தில் நிலைபெற்றது.

இழுப்பதைப் போலவே மடிப்பதும் முக்கியம். இழுத்துக்கொண்டே போனால் எள்ளுகள் ஒன்றைவிட்டு ஒன்று விலகிப் போகும், அவ்வளவுதான். மடிப்பு இருப்பதால்தான் அவை மாவுக்குள்ளேயே இருந்தபடி பிரிகின்றன. வெந்த பரோட்டாவைப் பிய்க்கும்போது தெரியும் மெல்லிய அடுக்குகள் இந்த இழுத்து மடித்தலின் தடயமே. எள் எங்கே போனது என்று நமக்குத் தெரியாமல் போகலாம். அடுக்கு உருவாகும் என்பது முன்பே தெரியும். இந்த இறுதி வரியை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், கட்டுரையின் கடைசியில் இதற்குத் திரும்பி வருவோம்.

இதுவரை பார்த்தது: விதியே இல்லாதது தற்செயல். விதி இருந்தும் முன்கணிக்க முடியாதது கேயாஸ். விரிதலும் மடிதலும் சேர்ந்து கேயாஸை உண்டாக்குகின்றன.

பட்டாம்பூச்சி உண்மையில் என்ன செய்கிறது?

1961-ஆம் ஆண்டு அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் எட்வர்ட் லோரன்ஸ் என்ற வானிலை அறிஞர், காற்று மண்டலத்தின் எளிமையாக்கப்பட்ட ஒரு மாதிரியைக் கணினியில் ஓட்டிக்கொண்டிருந்தார். முன்பு ஓட்டிய கணக்கின் ஒரு பகுதியை மீண்டும் பார்க்க விரும்பி, அச்சிட்ட தாளில் இருந்த எண்களை இடையிலிருந்து உள்ளிட்டார். தாளில் இருந்தது 0.506, கணினியின் நினைவகத்தில் இருந்ததோ 0.506127. ஏறத்தாழ நாலாயிரத்தில் ஒரு பங்கு வேறுபாடு. காப்பி குடித்துவிட்டுத் திரும்பி வந்து பார்த்தபோது, முதலில் பழைய கணக்கோடு ஒட்டிச் சென்றிருந்த புதிய வானிலை போகப் போக விலகி, முற்றிலும் வேறொன்றாகியிருந்தது. கணினி பழுதாகவில்லை, நம் எள்ளுகளுக்கு நேர்ந்ததே அந்த எண்களுக்கும் நேர்ந்திருந்தது.

1972-இல் அவர் ஆற்றிய ஓர் உரையின் தலைப்பு, பிரேசிலில் ஒரு பட்டாம்பூச்சி சிறகடிப்பது டெக்சாஸில் சூறாவளியைக் கிளப்புமா என்ற கேள்வியாக அமைந்தது. கேள்விக்குறி உதிர்ந்துபோய், பட்டாம்பூச்சியே புயலை உண்டாக்குகிறது என்ற கூற்றாக அது உலகமெங்கும் பரவிவிட்டது. ஒரு சிறகடிப்பு சூறாவளியை உண்டாக்கக்கூடுமானால் அதே அளவுக்குச் சூறாவளியைத் தடுக்கவும் கூடும் என்பதை லோரன்ஸ் அந்த உரையிலேயே சொல்லியிருக்கிறார். பட்டாம்பூச்சிக்குப் பெருஞ்சக்தி ஏதும் கிடையாது. புயலின் ஆற்றல் வெப்பமான கடலிலிருந்தும் காற்றழுத்த வேறுபாட்டிலிருந்தும் வருகிறது. நம்மால் அளக்கவே முடியாத சிற்றசைவுகளும் கணக்கில் புகுந்து பெருகிவிடுவதால், பல வாரங்களுக்கு அப்பால் வானிலையைத் துல்லியமாகச் சொல்ல இயலாது என்பதே அவர் உணர்த்த விரும்பியது.

ஓவியத்தைப் பற்றிப் பேச வந்த நமக்கு இதைவிட முக்கியமான செய்தி அவருடைய 1963-ஆம் ஆண்டுக் கட்டுரையில் இருக்கிறது. காற்றின் இயக்கத்தை மூன்றே சமன்பாடுகளாகச் சுருக்கி, அதன் நிலையை ஒரு புள்ளியாகக் கொண்டு அப்புள்ளி நகரும் பாதையை அவர் வரைந்தார். அந்தப் பாதை ஒருமுறை சென்ற வழியில் மறுமுறை செல்வதில்லை; தன்னைத்தானே வெட்டிக்கொள்வதும் இல்லை. சில சுற்றுகள் இடப்பக்கம், சில சுற்றுகள் வலப்பக்கம், எப்போது பக்கம் மாறும் என்று சொல்ல முடியாதபடி சுற்றுகிறது. ஆனால் முழுப் பாதையையும் சேர்த்துப் பார்த்தால் இரண்டு சிறகுகள் விரிந்ததுபோல் தெளிவான ஓர் உருவம் தெரிகிறது. வேறோர் இடத்திலிருந்து தொடங்கினாலும் புள்ளி விரைவில் அதே சிறகுகளுக்குள் வந்து சேர்கிறது. ஓர் இயக்கம் எங்கிருந்து தொடங்கினாலும் இறுதியில் வந்து தங்கும் இத்தகைய வடிவத்துக்கு ஈர்ப்பான் என்று பெயர்.

வெள்ளம் போகும் ஆற்றில் பாலத்தூணுக்குப் பின்னால் உருவாகும் சுழியைப் பார்த்திருப்பீர்கள். இந்த நொடி அதில் சுழலும் நீர் அடுத்த நொடி அங்கே இருப்பதில்லை; ஒரு சருகை இட்டால் அது எந்தப் பக்கம் வெளியேறும் என்று பந்தயம் கட்ட முடியாது. ஆனால் சுழி அங்கேயே இருக்கிறது. ஒழுங்கின்மைக்குள் ஒழுங்கு என்று சொல்லும்போது ஒழுங்கு எங்கே இருக்கிறது என்ற கேள்விக்கு இதுவே விடை: துகளின் பாதையில் தேடினால் அது கிடைக்காது, பாதைகள் எல்லாம் சேர்ந்து வரையும் வடிவத்தில் கிடைக்கும்.

பகடையும் பென்சிலும்

மேலே சொன்னதை நம்புவதைவிடச் செய்து பார்ப்பது நல்லது. ஒரு தாளில் பெரிய முக்கோணம் வரைந்து அதன் முனைகளுக்கு அ, ஆ, இ என்று பெயரிடுங்கள். தாளில் எங்காவது ஒரு புள்ளி வையுங்கள். பகடையை உருட்டுங்கள். ஒன்றோ இரண்டோ விழுந்தால் அ-வை நோக்கியும், மூன்றோ நான்கோ விழுந்தால் ஆ-வை நோக்கியும், ஐந்தோ ஆறோ விழுந்தால் இ-யை நோக்கியும் பாதித் தூரம் சென்று அங்கே புதிய புள்ளி வையுங்கள். அந்தப் புதிய புள்ளியிலிருந்து மறுபடி உருட்டித் தொடருங்கள். முதல் ஏழெட்டுப் புள்ளிகளை மட்டும் அழித்துவிடலாம்.

இப்படிச் செய்தால் முக்கோணத்துக்குள் புள்ளிகள் எங்கும் பரவிக் கறை போலாகும் என்றுதான் தோன்றும். நான் முதன்முதலில் இதைச் செய்தபோது ஐம்பது புள்ளிகள் வரை அப்படித்தான் எண்ணிக்கொண்டிருந்தேன். நூறைத் தாண்டியபோது நடுவே ஒரு வெற்றிடம் இருப்பது உறுத்தியது. முந்நூறு புள்ளிகளில் ஐயம் நீங்கியது: நடுவில் ஒரு தலைகீழ் முக்கோணம் வெறுமையாக நிற்க, சுற்றிலும் உள்ள மூன்று சிறு முக்கோணங்கள் ஒவ்வொன்றின் நடுவிலும் அதேபோல் ஒரு வெற்று முக்கோணம் தெரிந்தது. போலந்துக் கணித அறிஞர் வாட்ஸ்வாஃப் சியெர்பின்ஸ்கி 1915-இல் விவரித்த, அவர் பெயராலேயே அழைக்கப்படும் முக்கோணம் அது. பகடைக்கு அதைப் பற்றி எதுவும் தெரியாது. இருந்தும் அது வந்துவிடுகிறது.

எப்படி வருகிறது? பெரிய முக்கோணத்துக்குள் எங்கே நின்றாலும் சரி, அ-வை நோக்கிப் பாதித் தூரம் சென்றால் அ முனையை ஒட்டிய அரையளவு முக்கோணத்துக்குள்தான் போய் விழுவோம். ஆ, இ ஆகியவற்றுக்கும் இதுவே. ஆகவே எந்த வீச்சுக்குப் பிறகும் புள்ளி இந்த மூன்று சிறு முக்கோணங்களில் ஒன்றில்தான் இருக்க முடியும். நடுப்பகுதிக்குப் போக வழியே இல்லை. நடுப்பகுதியில் புள்ளி இல்லை என்றால், எல்லாவற்றையும் பாதியாகச் சுருக்கும் அதே விதி அந்த வெற்றிடத்தையும் பாதியாகச் சுருக்கி, மூன்று சிறு முக்கோணங்களுக்குள்ளும் கொண்டுபோய் வைக்கிறது. அடுத்த படியில் ஒன்பது வெற்றிடங்கள், அதற்கடுத்து இருபத்தேழு.

இதை ஒரு முகவரியாகவும் பார்க்கலாம். கடைசியாக விழுந்த வீச்சு புள்ளி எந்த மாவட்டத்தில் இருக்கிறது என்பதைச் சொல்கிறது. அதற்கு முந்தைய வீச்சு எந்த வட்டம் என்பதையும், அதற்கும் முந்தையது எந்த ஊர் என்பதையும், இன்னும் முந்தையது எந்தத் தெரு என்பதையும் சொல்கின்றன. பகடை செய்வதெல்லாம் முகவரிகளைக் குலுக்கி எடுப்பதுதான். ஊரின் வரைபடத்தை முன்பே தீர்மானித்துவிட்டது "பாதித் தூரம் செல்" என்ற விதி.

இந்த விளையாட்டில் என்னை அதிகம் வியக்க வைப்பது வேறொன்று. பகடையை விட்டுவிட்டு, அ, ஆ, இ, அ, ஆ, இ என்று ஒழுங்கான வரிசையில் முனைகளைத் தேர்ந்தெடுத்தால் என்ன ஆகும்? புள்ளிகள் விரைவில் மூன்றே இடங்களுக்குள் அடங்கி, அவற்றையே மாறி மாறி மிதித்துக்கொண்டிருக்கும். முழு உருவம் வெளிப்பட வேண்டுமானால் எல்லா முகவரிகளுக்கும் போயாக வேண்டும். அதற்குப் பகடையின் தற்செயல் தேவைப்படுகிறது. விதியும் தற்செயலும் இங்கே ஒன்றுக்கொன்று பகையாக இல்லை. விதி உருவத்தை வைத்திருக்கிறது, தற்செயல் அதை மூலைமுடுக்கெல்லாம் நடந்து காட்டுகிறது.

முக்கோணத்திலிருந்து இலைக்கு

மைக்கேல் பார்ன்ஸ்லி என்ற கணித அறிஞர் இதே விளையாட்டைச் சற்று மாற்றி ஆடினார். மூன்று முனைகளுக்குப் பதிலாக நான்கு விதிகள். ஒரு விதி அடித்தண்டை வரைகிறது. நூற்றில் ஒரு முறைதான் அதன் முறை வரும். நூற்றில் 85 முறை வரும் இரண்டாம் விதி, முழு இலையையும் சற்றே சுருக்கி, சற்றே சாய்த்து, மேலே தள்ளி வைக்கிறது. மற்ற இரண்டு விதிகளும் நூற்றில் ஏழு முறை வீதம் வந்து, முழு இலையையும் வெகுவாகச் சுருக்கி இடப்பக்கச் சிற்றிலையாகவும் வலப்பக்கச் சிற்றிலையாகவும் ஒட்டுகின்றன. விதிகளுக்கும் அவை வரும் வாய்ப்புகளுக்கும் சேர்த்து மொத்தம் 28 எண்கள். கணினியில் சில ஆயிரம் புள்ளிகள் விழுந்ததும் திரையில் ஒரு பெரணி இலை நிற்கிறது. மலைச்சரிவின் ஈரப் பாறை இடுக்கில் நாம் பார்ப்பதைப் போன்ற பெரணி.

பெரணியின் ஒவ்வொரு சிற்றிலையும் முழு இலையின் சிறிய நகல்போல் இருக்கிறது. முழுமையின் சாயலை அதன் பகுதியும் கொண்டிருக்கும் இப்பண்புக்குத் தன்னொப்புமை என்று பெயர். எவ்வளவு உற்றுப் பார்த்தாலும் புதிது புதிதாக நுணுக்கம் வெளிப்பட்டுக்கொண்டே இருக்கும் இத்தகைய வடிவங்களுக்கு பெனுவா மாண்டல்பிரோட் 1975-இல் ஃபிராக்டல் என்று பெயர் சூட்டினார். உடைந்தது என்ற பொருள்கொண்ட லத்தீன் சொல்லிலிருந்து அதை உருவாக்கினார்.

இதுவரை பார்த்தது: ஒரு சிறிய விதியை, அதன் விளைவின் மீதே திரும்பத் திரும்பச் செலுத்தினால் ஃபிராக்டல் பிறக்கிறது. புள்ளிகள் தற்செயலாக விழுந்தாலும் உருவம் தற்செயலானதன்று.

இயற்கை கணக்குப் போடுகிறதா?

கணினியில் வரைந்த பெரணி முடிவின்றித் தன்னையே திருப்பிச் சொல்லும். செடியில் வளர்ந்த பெரணியோ இரண்டு மூன்று படிகளோடு நின்றுவிடும். அதன் பிறகு வெறும் உயிரணுக்கள்தாம். காலிஃபிளவரிலிருந்து ஒரு பூவை உடைத்து, அதிலிருந்து இன்னும் சிறிய பூவை உடைத்துக்கொண்டே போனால் நாலைந்து முறை வரை அது முழுப் பூவைப்போலவே தெரிகிறது, பிறகு இல்லை. ஆகவே இயற்கையில் உள்ளவை ஃபிராக்டலை ஒத்தவை என்று சொல்வதே சரி. இந்த எச்சரிக்கை பின்னால் நமக்குத் தேவைப்படும்.

ஆனால் அந்த ஒப்புமை மேம்போக்கானது என்று எண்ணிவிடவும் கூடாது. பிரித்தானிய அறிஞர் லூயிஸ் ரிச்சர்ட்சன் நாடுகளின் எல்லை நீளங்களைத் தொகுத்தபோது, ஸ்பெயினுக்கும் போர்ச்சுகலுக்கும் இடையே உள்ள அதே எல்லைக்கு ஓரிடத்தில் 987 கிலோமீட்டர் என்றும் இன்னோரிடத்தில் 1,214 கிலோமீட்டர் என்றும் குறிக்கப்பட்டிருப்பதைக் கண்டார். இரண்டும் தவறல்ல. நீண்ட அளவுகோலால் அளந்தால் ஆற்று வளைவுகளும் மலை மடிப்புகளும் விடுபட்டுப்போகின்றன. குறுகிய அளவுகோல் அவற்றுக்குள் நுழைந்து வருவதால் நீளம் கூடுகிறது. பிரிட்டனின் கடற்கரை எவ்வளவு நீளம் என்று கேட்டு 1967-இல் மாண்டல்பிரோட் எழுதிய கட்டுரை இதிலிருந்து புறப்பட்டது. அளவுகோலைக் குறைக்கும்போது நீளம் எந்த வேகத்தில் கூடுகிறது என்பது ஒவ்வொரு கரைக்கும் ஓர் எண்ணாகக் கிடைக்கிறது. அந்த எண் கரையின் கரடுமுரடைச் சொல்கிறது. கடற்கரைக்கு நிலையான நீளம் இல்லாமல் இருக்கலாம். நிலையான கரடுமுரடு இருக்கிறது.

செடி ஏன் இப்படி வளர்கிறது என்பதை 1968-இல் தாவரவியல் அறிஞர் அரிஸ்டிட் லிண்டன்மேயர் ஓர் எழுத்து விளையாட்டாக விளக்கினார். ஒரு பாசியில் முதிர்ந்த உயிரணு, இளைய உயிரணு என்று இரண்டு வகை இருப்பதாகக் கொள்வோம். ஒவ்வொரு படியிலும் முதிர்ந்தது ஒரு முதிர்ந்ததாகவும் ஓர் இளையதாகவும் பிரிகிறது, இளையது முதிர்ந்ததாகிறது. ஒரு முதிர்ந்த உயிரணுவில் தொடங்கினால் எண்ணிக்கை 1, 2, 3, 5, 8 என்று பெருகும். எந்த உயிரணுவுக்கும் முழுச் செடியின் படம் தெரிய வேண்டியதில்லை. தன் முறை வரும்போது தன் விதியைச் செய்தால் போதும். இதே வகை விதிகளோடு "திரும்பு", "கிளை விடு" என்ற கட்டளைகளைச் சேர்த்துப் புதர்களையும் மரங்களையும் கணினியில் வளர்க்கும் முறை பின்னர் உருவாயிற்று.

நம் வாசல்களுக்கும் இந்த ஆய்வில் நேரடியான இடம் உண்டு. தாம்பரம் சென்னைக் கிறித்துவக் கல்லூரியைச் சேர்ந்த கிஃப்ட் சிரோமணி, ராணி சிரோமணி ஆகியோர் கமலா கிருத்திவாசனுடன் சேர்ந்து 1974-இல் வெளியிட்ட ஆய்வுக் கட்டுரை, கோலங்களைப் படங்களின் இலக்கணமாக ஆராய்ந்தது. ஐந்து புள்ளிக் கோலத்தைப் பதினைந்து புள்ளிக்கு வளர்க்கும் ஒரு பெண் படத்தை மனப்பாடம் செய்வதில்லை, படம் வளரும் விதியை அறிந்திருக்கிறார் என்பதை அந்த ஆய்வு கணிதத்தின் மொழியில் எழுதிக் காட்டியது. கோலத்தில் கேயாஸ் இல்லை; சிக்குக் கோலம் எவ்வளவு சிக்கலாகத் தெரிந்தாலும் அதன் ஒவ்வொரு வளைவும் முன்பே தீர்மானிக்கப்பட்டது. விதியிலிருந்து உருவம் வளர்வதை மட்டுமே அது காட்டுகிறது. அதற்காகவே இங்கே அதைக் குறிப்பிட்டேன்.

ஓவியர்கள் கண்டது

கேயாஸ், ஃபிராக்டல் ஆகிய சொற்கள் பிறப்பதற்குப் பல நூற்றாண்டுகளுக்கு முன்பே இவற்றைக் கண்ணால் பிடித்தவர்கள் உண்டு. லியொனார்டோ டா வின்சி ஓடும் நீரைப் பல ஆண்டுகள் வரைந்தார். நீரின் மேற்பரப்பு நகர்வது தலைமுடியை ஒத்திருக்கிறது என்று எழுதினார்: முடிக்கு அதன் எடையால் கீழ்நோக்கிய ஓர் இழுப்பும் சுருளால் இன்னொரு திருப்பமும் இருப்பதுபோல, நீருக்கும் முன்னோக்கிய ஓட்டமும் சுழியும் இருக்கின்றன என்பது அவர் கண்டது. வாழ்நாளின் இறுதியில் அவர் வரைந்த பெருவெள்ளச் சித்திரங்கள் இன்று இங்கிலாந்தின் விண்ட்சர் கோட்டையில் உள்ள அரச சேகரிப்பில் இருக்கின்றன. உலகமே அழியும் காட்சி அது. ஆனால் அந்த அழிவு முழுவதும் சுருள் சுருளாக, பெரிய சுருளுக்குள் சிறிய சுருளாக வரையப்பட்டிருக்கிறது. மரங்களைப் பற்றியும் அவர் ஒரு விதி எழுதினார்: எந்த உயரத்திலும் கிளைகளை எல்லாம் சேர்த்துக் கட்டினால் அவற்றின் மொத்தத் தடிமன் அடிமரத்தின் தடிமனுக்குச் சமமாகும். பல மரங்களில் இது ஏறத்தாழப் பொருந்துகிறது. விதியைக் கண்டுகொண்ட கை, கண் முன் இல்லாத மரத்தையும் மரமாகவே வரையும்.

ஜப்பானின் ஹொகுசாய் ஏறத்தாழ 1831-இல் மரக்கட்டை அச்சாக வெளியிட்ட கனகாவா பேரலையை உற்றுப் பாருங்கள். பேரலையின் விளிம்பு நகங்களைப்போன்ற சிற்றலைகளாகப் பிரிகிறது. அந்த நகங்களின் விளிம்பும் அவ்வாறே பிரிந்து நுரையாகிறது. முன்னே எழும் சிறிய அலை, பின்னே நிற்கும் ஃபுஜி மலையின் வடிவத்தையே கொண்டிருக்கிறது.

ஜாக்சன் பொல்லாக்கைப் பற்றிச் சற்று நின்று பேச வேண்டும், ஏனெனில் இத்துறையில் மிகத் தளர்வாகப் பேசப்படுபவர் அவர். 1947 முதல் நியூயார்க்கின் லாங் ஐலண்டில் இருந்த தம் கொட்டகைத் தரையில் பெரிய துணியை விரித்து, அதைச் சுற்றி நடந்தபடி வண்ணத்தைச் சொட்டவும் ஒழுகவும் விட்டு அவர் வரைந்தார். இயற்பியலாளர் ரிச்சர்ட் டெய்லரும் உடன் பணியாற்றியவர்களும் 1999-இல் அந்த ஓவியங்களின் மீது கட்டங்களை வரைந்து, கட்டத்தின் அளவைக் குறைத்துக்கொண்டே போகும்போது வண்ணம் பட்ட கட்டங்களின் எண்ணிக்கை எப்படிக் கூடுகிறது என்று எண்ணினார்கள். அவை ஃபிராக்டல்கள் என்ற முடிவுக்கு வந்தார்கள். செய்தி உலகெங்கும் பரவியது. 2006-இல் கேத்தரின் ஜோன்ஸ்-ஸ்மித், ஹர்ஷ் மாத்தூர் ஆகிய இருவரும் மறுப்பு எழுதினார்கள்: மிகச் சிறிய கட்டத்துக்கும் மிகப் பெரிய கட்டத்துக்கும் இடையே உள்ள அளவு வீச்சு இம்முடிவுக்குப் போதாது, சாதாரணமாகக் கிறுக்கிய நட்சத்திரங்கள்கூட அதே சோதனையில் தேறிவிடுகின்றன. விவாதம் ஒரு முடிவுக்கு வரவில்லை. பொல்லாக்கின் ஓவியங்கள் என்னை ஆழமாகத் தொடுகின்றன. ஆனால் அவை ஃபிராக்டல் என்று நிரூபிக்கப்பட்டுவிட்டதாக எழுதுவது நேர்மையாகாது என்றே கருதுகிறேன். சிக்கலாகத் தெரியும் எல்லாமே ஃபிராக்டல் ஆகிவிடாது. வெவ்வேறு அளவுகளில் ஒரே பண்பு திரும்ப வருகிறதா, எத்தனை படிகளுக்கு வருகிறது என்று கேட்க வேண்டும்.

நீரின் மேல் மிதக்கும் மை

கேயாஸை அதன் இயல்பான இடத்திலேயே பிடித்துவைக்கும் கலை ஒன்று ஜப்பானில் 12-ஆம் நூற்றாண்டிலிருந்தே இருக்கிறது. அதன் பெயர் சுமினகாஷி. மிதக்கும் மை என்று பொருள். அகன்ற தட்டில் அசையாத நீர். ஒரு தூரிகையில் கறுப்பு மை. இன்னொன்றில் மையை விலக்கித் தள்ளும் பசைநீர். மைத்தூரிகையின் நுனியால் நீரைத் தொட்டால் மை மெல்லிய வட்டமாகப் பரவுகிறது. அதன் நடுவே பசைநீரைத் தொட்டால் வட்டம் வளையமாகிறது. மாறி மாறித் தொட, மரத்தின் ஆண்டு வளையங்கள்போல் ஒன்றுக்குள் ஒன்றாகப் பல வளையங்கள் உருவாகின்றன. அதன் பிறகு கலைஞர் வாயால் மெல்ல ஊதுகிறார், அல்லது விசிறியால் காற்றை அனுப்புகிறார். வளையங்கள் நீள்கின்றன, வளைகின்றன, தம் மீதே மடிகின்றன. இழுத்து மடித்த மாவில் நடந்ததுதான் இங்கே நீரின் மேல் நடக்கிறது. போதும் என்று தோன்றும் நொடியில் தாளை மேலே பரப்பி எடுத்தால், மை தாளில் ஏறிக்கொள்கிறது. மரத்தின் உள்வரிகளாகவும், புகையாகவும், ஆற்றுப் படுகையாகவும் அது தோற்றமளிக்கும்.

அடுத்த தாளில் அதே உருவத்தை வரவழைக்க அந்தக் கலைஞராலும் முடியாது. மூச்சின் மிகச் சிறு வேறுபாடு பெருகி வேறொரு படத்தைத் தந்துவிடும். ஆனால் எடுத்த தாளில் ஒன்று மட்டும் எப்போதும் மாறாமல் இருக்கும். புதிதாகத் தொட்ட ஒவ்வொரு துளியும் முந்தைய வளையங்களை வெளியே தள்ளியது என்பதால், முதல் துளியின் வளையம் எல்லாவற்றுக்கும் வெளியே இருக்கிறது, கடைசித் துளி எல்லாவற்றுக்கும் உள்ளே. காற்று அவற்றை எவ்வளவு இழுத்து மடித்தாலும் மைப்படலம் கிழியாத வரை கோடுகள் ஒன்றையொன்று வெட்டிக்கொள்வதில்லை. தாளின் ஓரத்தில் விரலை வைத்து, வளைவுகளுக்கிடையே உள்நோக்கி மெல்ல நகர்த்திக்கொண்டு போனால், அந்தத் துளிகள் நீரைத் தொட்ட அதே வரிசையில் ஒவ்வொரு வளையத்தையும் முதன்முறையாகக் கடந்து செல்லலாம்.